இரைச்சல் என்று தள்ளியவை: காமா வெலோரம் விண்மீனின் நிறமாலை வரலாறு

என் முனைவர் பட்ட ஆய்வுக்கான தரவுக் கோப்பில் ‘தடுமாற்றம்’ என்ற தலைப்பில் ஒரு நிரல் இருந்தது. ஒரே பேச்சாளர் ஒரே சொல்லைச் சில நிமிட இடைவெளியில் இருவேறு விதமாக ஒலித்த இடங்களை அந்நிரலில் குறித்து, பகுப்பாய்விலிருந்து விலக்கி வைத்திருந்தேன். ‘மழை’ என்று தொடங்கியவர் அதே உரையாடலில் ‘மளை’ என்பார். சற்றுப் பொறுத்து மீண்டும் ‘மழை’ என்பார். சராசரி எடுத்துவிட்டால் இந்த அலைவு மறைந்துவிடும். வட்டார வேறுபாட்டின் பெருங்கோடுகள் மட்டும் துலங்கி நிற்கும். அதுவே முறையான ஆய்வு என்று எண்ணியிருந்தேன்.

அண்மையில் அந்நிரலின் தலைப்பை மாற்றினேன். மாற்றத் தூண்டியது மொழியியல் நூல் எதுவுமன்று. ஓர் இரட்டை விண்மீனின் நிறமாலையை மனிதர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக எவ்வாறு படித்து வந்திருக்கிறார்கள் என்னும் வரலாறே அது. அவ்வரலாற்றில் புதுக்கோட்டைக்கும் சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் இடமுண்டு. ஆயினும் நம் ஊர்ப் பெருமைக்காக இதை எழுதவில்லை. ஒரு தலைமுறை ‘பிழை’ என்று ஒதுக்கியதை அடுத்த தலைமுறை எவ்வாறு ‘தரவு’ என்று எடுத்துக்கொண்டது என்பதே இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது. தரவோடு வேலை செய்யும் எந்தத் துறையினருக்கும் இது பயன்படும் என்று கருதுகிறேன்.

1. பாரிஸில் உதிக்காத விண்மீன்

1867இல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்லஸ் உல்ஃப், ஜார்ஜ் ராயே என்னும் இருவர் 40 செ.மீ. தொலைநோக்கியில் நிறமாலைமானியைப் பொருத்திச் சிக்னஸ் விண்மீன் குழுவைத் துழாவிக்கொண்டிருந்தனர். விண்மீன் ஒளியைப் பட்டகத்தின் வழியே விரித்தால் பொதுவாகத் தொடர்ச்சியான வண்ணப் பட்டையும், அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகளும் தெரியும். ஆனால் அவர்கள் கண்ட மூன்று மங்கலான விண்மீன்களில் கருங்கோடுகளுக்கு மாறாக அகன்ற ஒளிப்பட்டைகள் இருந்தன. எந்தத் தனிமம் அவற்றைத் தருகிறது, ஏன் அவை இவ்வளவு அகலமாக உள்ளன என்பவற்றுக்கு அன்று விடையில்லை. இவ்வகை விண்மீன்கள் இன்றும் அவ்விருவர் பெயராலேயே உல்ஃப்–ராயே விண்மீன்கள் என்று வழங்கப்படுகின்றன.

அம்மூன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை; ஒளியளவில் ஏறத்தாழ எட்டாம் தரத்தைச் சேர்ந்தவை. இவ்வகையிலேயே மிகப் பொலிவானதோ வெறுங்கண்ணால் எளிதில் காணக்கூடிய இரண்டாம் தர விண்மீன். அதை உல்ஃபும் ராயேயும் கண்டிருக்க இயலாது. வானில் அதன் இருப்பிடம் நடுவரைக்குத் தெற்கே 47 பாகையைத் தாண்டியது. பாரிஸோ வட அகலாங்கு 48.8 பாகையில் உள்ளது. அந்த விண்மீன் பாரிஸின் தொடுவானத்துக்கு மேலே எழுவதேயில்லை.

நமக்கு அது எழுகிறது. பிப்ரவரி, மார்ச் மாத முன்னிரவுகளில் தென்வானில் அகத்திய விண்மீனைக் கண்டுகொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே, சற்று மேலே, நீல வெண்மையாக ஒளிர்வது அது. அன்றைய ஐரோப்பிய நூல்கள் அதைக் காமா ஆர்கஸ் என்றன. ‘ஆர்கோ’ என்னும் பழைய கப்பல் விண்மீன் குழுவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் உடல், பின்தளம், பாய்கள் என்று பிரித்தார். அப்பிரிவினை வழக்கில் ஊன்றியபோது இவ்விண்மீன் பாய்களின் பங்கில் சேர்ந்தது. ‘வெலோரம்’ என்பது இலத்தீனில் ஆறாம் வேற்றுமைப் பன்மை. ‘பாய்களினுடைய’ என்று பொருள். பழைய குறிப்புகளைத் தேடுவோர் இப்பெயர் மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும். இல்லையெனில் ஒரே விண்மீனின் வரலாறு இரண்டாகப் பிளந்து தெரியும். வானில் அதன் அருகே மங்கலான ஒரு துணை தெரிவதால், பொலிவானதைக் காமா-2 என்று குறிப்பர். இக்கட்டுரையில் காமா வெலோரம் என்பது அந்தப் பொலிவான விண்மீனையே குறிக்கும்.

1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய மறைப்பின் நிழற்பாதை தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்து சென்றது. அதைக் காண ஐரோப்பியர் பலர் வந்தனர். நார்மன் லாக்கியர் மலபார்க் கரையில் பேக்கல் கோட்டையிலும், ரோம் நகரின் வானாய்வக இயக்குநரான லொரென்சோ ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் கருவிகளை நிறுத்தினர். சூரியனுக்காக வந்த ரெஸ்பிகி, அதே பயணத்தில் சென்னையிலிருந்து காமா ஆர்கஸின் நிறமாலையையும் நோக்கினார். அதில் ஒளிக்கோடுகளைக் கண்டார். இவ்வகையின் தலைமை விண்மீன் அறிவியலின் பதிவேட்டில் ஏறியது இவ்வாறுதான்.

இதிலிருந்து எளிய உண்மை ஒன்று பெறப்படுகிறது. தரவு எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. உலகின் பெரிய கருவிகள் நெடுங்காலம் வட அகலாங்குகளிலேயே குவிந்திருந்தன. இவ்வகையின் மிகப் பொலிவான எடுத்துக்காட்டோ அக்கருவிகளின் எல்லைக்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது. பின்னாளில் இவ்விண்மீனைப் பற்றிய முதன்மையான செய்திகள் அர்ஜென்டினா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2. அசையும் கோடுகள்

நிறமாலைக் கோடுகள் நிலையானவை என்ற எண்ணம் 1889இல் குலைந்தது. ஹார்வர்டில் எட்வர்ட் பிக்கரிங், மைசார் விண்மீனின் ஒளித்தட்டுகள் சிலவற்றில் ஒற்றைக்கோடு இரண்டாகப் பிரிந்திருப்பதையும், வேறு தட்டுகளில் மீண்டும் ஒன்றாகிவிடுவதையும் கண்டார். ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் ஒன்று நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் நீலப் பக்கமும், விலகும் மற்றதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகர்கின்றன என்பதே விளக்கம். தொலைநோக்கியால் பிரித்துக் காண முடியாத இரட்டைகளை நிறமாலையால் பிரிக்கலாம் என்பது அன்று தெளிந்தது. அதே ஆண்டில் அன்டோனியா மோரி இரண்டாவது எடுத்துக்காட்டையும் கண்டறிந்தார்.

பிக்கரிங் தம் தட்டுகளைக் கொண்டு மைசாரின் சுற்றுக்காலம் 104 நாள் என்று கணித்தார். உண்மையில் அது ஏறத்தாழ இருபதரை நாள். அவர் கவனக்குறைவானவர் அல்லர். கோடுகள் பிரிந்திருந்த எல்லா நாள்களிலும் அவரிடம் தட்டு இல்லை, அவ்வளவே. இருந்த தட்டுகள் ஐந்து மடங்கு நீண்ட சுற்றுக்கும் பொருந்தி வந்தன. வேகமாக மாறும் ஒன்றை அரிதாகப் பார்த்தால், அது மெதுவாக மாறுவதுபோலத் தோன்றும். நம் துறையிலும் இதே இடர் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்தவற்றை மட்டும் கொண்டு ‘மெல்ல நிகழும் மாற்றம்’ என்று எழுதிவிடுகிறோம்.

காமா வெலோரத்தில் சிக்கல் இன்னும் கடினமானது. அதன் கோடுகள் மெல்லியவை அல்ல. 1929இல் கனடாவில் சி. எஸ். பீல்ஸ், உல்ஃப்–ராயே கோடுகளின் அகலத்துக்கு விண்மீனிலிருந்து எல்லாத் திசைகளிலும் பெருவேகத்தில் வெளியேறும் வளிமமே காரணம் என்று விளக்கினார். நம்மை நோக்கி வரும் பகுதி கோட்டை நீலப் பக்கம் இழுக்கிறது. விலகும் பகுதி சிவப்புப் பக்கம் இழுக்கிறது. ஒருசேரப் பார்க்கையில் கோடு பட்டையாகிறது. காமா வெலோரத்தில் இந்த ‘விண்மீன் காற்று’ நொடிக்கு ஏறத்தாழ 1,450 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. 5,696 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள கரிமக் கோட்டை எடுத்துக்கொண்டால், இவ்வேகம் அதை ஐம்பது ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் அகலப்படுத்துகிறது. சுற்றுப்பாதை இயக்கத்தால் உல்ஃப்–ராயே விண்மீன் பெறும் வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. மட்டுமே. கோட்டின் மையம் இதனால் இருபுறமும் இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல் நகரும். ஐம்பது முழ வேட்டி கொடியில் காயும்போது அதன் நடுப்புள்ளி இரண்டு முழம் இப்படியும் அப்படியும் நகர்கிறதா என்று தொலைவிலிருந்து அளப்பது போன்றது இது. வேட்டியின் விளிம்பும் காற்றில் ஆடிக்கொண்டேயிருக்கும்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹோர்ஹே சஹாதே 1955இல் இந்த நிறமாலையில் இரு விண்மீன்களின் கோடுகள் கலந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஒன்று உல்ஃப்–ராயே விண்மீன். மற்றது ‘ஓ’ வகையைச் சேர்ந்த மிகச் சூடான விண்மீன். அவற்றின் சுற்றுக்காலம் என்ன என்பது அடுத்த கேள்வி.

3. கொடைக்கானலின் எண்

1960இல் வேணு பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அது சூரிய ஆய்வுக்காக அமைந்த இடம். பாப்புவுக்கோ உல்ஃப்–ராயே விண்மீன்கள் மீது நீங்காத ஈடுபாடு இருந்தது. கொடைக்கானலிலிருந்து பார்த்தால் காமா வெலோரம் உச்சத்திலும் தொடுவானத்திலிருந்து 32 பாகை உயரமே ஏறும். அந்தத் தாழ்வில் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து வர வேண்டும். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்களே அதை இரவில் வசதியாக நோக்கலாம். சுற்றுக்காலம் இரண்டரை மாதத்தை ஒட்டியிருப்பின், ஒரு பருவத்தில் கிடைப்பது இரண்டு சுற்றுகளுக்குச் சற்று மேல். மேகம் மறைத்த இரவுகள் போனால் அதுவும் குறையும். ஆகவே ஒரு தட்டோ பத்துத் தட்டுகளோ போதா. இடைவெளிகளைக் கணக்கில் கொண்ட பொறுமை வேண்டும்.

1967இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் அறிக்கை வரிசையில் கே. எஸ். கணேஷும் பாப்புவும் காமா வெலோரத்தின் சுற்றுப்பாதையை வெளியிட்டனர். அவர்கள் தந்த சுற்றுக்காலம் 78.5 நாள். உல்ஃபும் ராயேயும் தம் மூன்று விண்மீன்களைக் கண்ட நூறாவது ஆண்டு அது. 1980இல் விர்பி நியெமெலாவும் சஹாதேயும் இச்சுற்றுப்பாதையை மேலும் செம்மைப்படுத்தினர். இன்று ஏற்கப்படும் மதிப்பு 78.53 நாள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், கருவிகள் முற்றிலும் மாறிய பிறகும், முதல் தசம இடம் அசையவில்லை.

(அதே 1967 ஜனவரியில் அப்பல்லோ-1 பயிற்சியின்போது நேர்ந்த தீவிபத்தில் ரோஜர் சாஃபி உள்ளிட்ட மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தனர். அவர்களுள் ஒருவரான கஸ் கிரிசம், வழிகாட்டு விண்மீன்களின் பட்டியலில் தம் குழுவினர் பெயர்களைப் புரட்டிப்போட்டு வேடிக்கை செய்திருந்தார். காமா வெலோரத்துக்கு அவர் இட்ட பெயர் ‘ரெகோர்’. ‘ரோஜர்’ என்பதன் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வருவது. வேடிக்கையாகப் பிறந்த சொல், பின்னர் நினைவுச் சின்னமாக நிலைத்தது.)

பாப்புவும் சஹாதேயும் இணைந்து பதிப்பித்த நூலொன்று உண்டு. 1971இல் புவெனஸ் அயர்ஸில் உல்ஃப்–ராயே விண்மீன்களைப் பற்றி நிகழ்ந்த பன்னாட்டு வானியல் ஒன்றியக் கருத்தரங்கின் கட்டுரைத் தொகுதி அது, 1973இல் வெளிவந்தது. பிற்காலத்தில் இருவரும் அவ்வொன்றியத்தின் தலைவர்களாயினர். தென்வானை நோக்கிய இரு நாடுகளின் உழைப்பு ஒரே விண்மீனில் சந்தித்ததை இந்நூல் நினைவூட்டுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது முறையியல். சுற்றுப்பாதையைக் கணிப்பவர் பல இரவுகளின் அளவீடுகளை ஒரே வளைகோட்டில் பொருத்துகிறார். ஒவ்வொரு புள்ளியும் வளைகோட்டிலிருந்து சற்றே விலகி நிற்கும். அவ்விலகலுக்குக் கருவியின் குறையும் தட்டின் துகள்தன்மையும் அளப்பவரின் கண்ணும் காரணம் என்று கொண்டு, அவற்றைச் சராசரியில் கரைத்துவிடுவர். 78.5 என்ற எண் கிடைத்தது இந்தத் துறவினால்தான். அவர்கள் அலைவுகளைத் தள்ளியது பிழையன்று. தேடிய பொருளுக்கு அதுவே சரியான முறை. ஆனால் தள்ளப்பட்டவை அனைத்தும் கருவியின் பிழைகள்தாமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

4. எஞ்சியவற்றின் முதல் அடுக்கு

சுற்றுப்பாதை இயக்கத்தைக் கழித்த பிறகும் கோடுகளின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. அம்மாற்றம் தாறுமாறானதன்று, 78.5 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு விண்மீன்களும் காற்று வீசுபவை என்பதே காரணம். உல்ஃப்–ராயே விண்மீனின் காற்று அடர்த்தி மிக்கது. ‘ஓ’ விண்மீனின் காற்று அடர்த்தி குறைந்தது. இரண்டும் மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகிறது. மோதல் பரப்பு ‘ஓ’ விண்மீனைச் சுற்றிக் கூம்பாக வளைகிறது. விண்மீன்கள் சுற்றச் சுற்ற அந்தக் கூம்பின் வாய் நம்மை நோக்கித் திரும்பும், பிறகு விலகும்.

1978இல் ஏவப்பட்ட ஐ.யூ.இ. செயற்கைக்கோளின் புறஊதா நிறமாலைகளில் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தது. 1990இல் ஏவப்பட்ட ரோசாட் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி மேலும் தெளிவான சான்றைத் தந்தது. ‘ஓ’ விண்மீன் முன்னே வந்து, கூம்பின் வாய் நம் பார்வைக்கோட்டைக் கடக்கும் சில நாள்களில் எக்ஸ்-கதிர் வரத்துப் பலமடங்கு உயர்ந்தது, பிறகு தணிந்தது. அடர்ந்த காற்று மறைத்திருந்த மோதற்களம், மெல்லிய காற்றின் சாளரம் வழியே வெளிப்பட்டது என்பதே இதன் பொருள். சுற்றுப்பாதைக் கணக்கில் எஞ்சியவற்றின் ஒரு பகுதி இவ்வாறு தனி நிகழ்வாக அடையாளம் பெற்றது.

5. 154 நொடி

எஞ்சியவை எல்லாம் செய்தி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கைக் கதையையும் கேட்க வேண்டும்.

1970களில் காமா வெலோரத்தின் ஹீலியம் கோடு 154 நொடிக்கு ஒருமுறை பொலிந்து மங்குகிறது என்று ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. அறிவிப்பு பரபரப்பூட்டியது. உண்மையாயின், அத்தகைய விரைவான துடிப்புக்கு மிகச் சிறிய பொருளொன்றோ விண்மீனின் உட்பகுதி அதிர்வோ காரணமாக இருக்க வேண்டும். பிற குழுவினர் வேறு தொலைநோக்கிகளில் வேறு இரவுகளில் தேடினர். அந்தத் துடிப்பு உறுதிப்படவில்லை. 1980களிலும் அக்கோரிக்கை மீண்டும் எழுந்தது. ஆனால் பொது ஒப்புதல் பெறவில்லை.

ஒரு தொடரில் போதுமான அலைவுகள் இருந்தால், எத்தனையோ காலமுறைகளுக்குள் ஏதேனும் ஒன்றாவது பொருந்துவதுபோலத் தோன்றும். தேடுபவரின் விருப்பமும் அதற்குத் துணை நிற்கும். ஆகவே இவ்வரலாற்றில் இருவகைத் தவறுகள் எதிரெதிரே நிற்கின்றன. செய்தியை இரைச்சல் என்று தள்ளுவது ஒன்று. இரைச்சலில் செய்தியைக் கேட்பது மற்றொன்று. முதல் தவறுக்கு அஞ்சி இரண்டாவதில் விழுந்தால் ஆய்வு முன்னேறாது. ஓர் அலைவு இன்னொரு கருவியிலும் இன்னோர் இடத்திலும் தெரிகிறதா, அது இயற்பியலுக்குட்பட்ட ஒழுங்கில் நகர்கிறதா என்பவையே உரைகற்கள்.

6. வெளிநோக்கி ஓடும் மேடுகள்

அவ்வுரைகற்களைக் கடந்து நின்ற சான்று 1988இல் வந்தது. அதற்குள் ஒளித்தட்டின் இடத்தை மின்னணு உணரிகள் பிடித்துவிட்டன. தட்டின் துகள்தன்மையால் மறைந்த நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாற்றமும் இப்போது நம்பகமாகத் தெரிந்தது. ஓர் இரவுக்குள்ளேயே அடுத்தடுத்துப் பல நிறமாலைகளை எடுக்கவும் முடிந்தது. மான்ட்ரியாலின் அந்தோணி மொஃபாட்டும் அவருடைய குழுவினரும் சிக்னஸில் உள்ள எச்டி 191765 என்ற விண்மீனை இவ்வாறு நோக்கினர். அகன்ற கோட்டின் உச்சியில் சிறு சிறு மேடுகள் தெரிந்தன. அவை ஒரே இடத்தில் தங்கவில்லை. மணிக்கணக்கில் நோக்கியபோது கோட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்தன. மையத்துக்கு நீலப் பக்கத்தில் தோன்றியது நீல விளிம்புக்கும், சிவப்புப் பக்கத்தில் தோன்றியது சிவப்பு விளிம்புக்கும் சென்றது.

கருவியின் பிழை இவ்வாறு திசையறிந்து நகராது. விண்மீன் காற்று ஒரே சீராக வீசவில்லை. அது கட்டிகளாகத் திரண்டு, வெளியேறும் வழியில் மேலும் மேலும் வேகம் பெறுகிறது என்பதே இதன் பொருள். நொடிக்கு 1,450 கி.மீ. வேகத்தில் செல்லும் கட்டி ஆறு மணி நேரத்தில் மூன்று கோடி கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அது சூரிய ஆரத்தைப் போல 45 மடங்குத் தொலைவு. ஒரு வாரத்தின் நிறமாலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தவருக்கு இக்கட்டிகள் தென்பட வழியேயில்லை. அவர் பார்த்தது பல நூறு கட்டிகளின் கூட்டு நிழலை. அந்நிழல் சீராகத்தான் இருக்கும்.

எச்டி 191765 என்பது உல்ஃபும் ராயேயும் 1867இல் கண்ட அதே மூன்று விண்மீன்களுள் ஒன்று. 121 ஆண்டுகள் பலர் பார்த்த விண்மீனில், பார்க்கும் கால அளவை மாற்றியபோது புதிய செய்தி கிடைத்தது.

1990களின் இறுதியில் செபாஸ்தியன் லெபீன், தாமஸ் எவர்ஸ்பெர்க், மொஃபாட் ஆகியோர் இதே முறையைக் காமா வெலோரத்துக்கும் நீட்டினர். அங்கே பணி இருமடங்கு நுட்பமானது. முதலில் சுற்றுப்பாதை நகர்வைக் கழிக்க வேண்டும். அடுத்து மோதற்கூம்பு தரும் மாற்றத்தைப் பிரிக்க வேண்டும். அதன்பின் எஞ்சுவதே கட்டிகளின் கையெழுத்து. இந்த மேடுகளுக்குக் காலமுறை கிடையாது. ஒவ்வொன்றும் ஒருமுறை தோன்றி மறைவது. ஆனால் அவற்றின் கூட்டத்துக்குப் புள்ளியியல் ஒழுங்கு உண்டு.

ஆக, ஒரே நிறமாலையில் மூன்று அடுக்கு மாறுபாடுகள் அமைந்துள்ளன. 78.5 நாளுக்கு ஒருமுறை ஊசலாடும் கோட்டின் மையம் முதல் அடுக்கு. அதே சுற்றோடு இணைந்து மாறும் கோட்டின் வடிவம் இரண்டாம் அடுக்கு. மணிக்கணக்கில் ஓடி மறையும் மேடுகள் மூன்றாம் அடுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் தன் அடுக்கைப் படிக்க அடுத்த அடுக்கை இரைச்சலாகக் கொண்டது. அதேசமயம் மேலடுக்கைச் சரியாகக் கழிக்காமல் கீழடுக்கைக் காணவும் முடியாது. கணேஷ், பாப்பு, நியெமெலா, சஹாதே ஆகியோர் தந்த சுற்றுப்பாதை இல்லையென்றால், 1990களின் நுண்ணாய்வு எதைக் கழிப்பது என்று அறியாமல் திகைத்திருக்கும்.

7. இதனால் மாறியது என்ன?

நூற்றுக்குச் சில பங்கு உயரமுள்ள மேடுகளைக் கண்டதால் என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். ஒரு பெருவிண்மீனின் இறுதிக் கதையே அதனால் மாறுகிறது.

பெருவிண்மீன்கள் வாழ்நாள் முழுதும் காற்றாகத் தம் பொருளை இழக்கின்றன. எவ்வளவு இழக்கிறது என்பதைப் பொறுத்தே இறுதியில் எவ்வளவு நிறை எஞ்சும், அது நியூட்ரான் விண்மீனாகுமா கருந்துளையாகுமா என்பவை அமையும். இழப்பின் அளவைப் பெரும்பாலும் காற்றின் ரேடியோ உமிழ்விலிருந்தும் நிறமாலைக் கோடுகளின் வலிமையிலிருந்தும் கணித்தனர். இவ்வுமிழ்வு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே காற்று கட்டிகட்டியாக இருந்தால், அதே அளவு பொருள் கூடுதலாக ஒளிரும். சீரான காற்று என்று கொண்டு கணக்கிட்டவர் உண்மையைவிட மிகுதியான இழப்பைப் பெறுவார். கட்டித்தன்மையைச் சேர்த்துக் கணித்தபோது உல்ஃப்–ராயே விண்மீன்களின் இழப்பு வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவ்வீதத்தை நம்பி எழுதப்பட்ட விண்மீன் வாழ்க்கை வரலாறுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

தொலைவைப் பற்றிய கதையும் இதனோடு சேர்ந்ததே. 1970இல் ஆஸ்திரேலியாவின் நாரப்ரையில் ஹான்பரி பிரவுன் குழுவினர் காமா வெலோரத்தின் தொலைவு ஏறத்தாழ 350 பார்செக் என்று கணித்தனர். 1997இல் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் தரவு அதை 258 பார்செக் என்று சுருக்கியது. 2007இல் சிட்னி குறுக்கீட்டுமானியால் சுற்றுப்பாதையையே நேரடியாக அளந்து, நிறமாலை வேகங்களோடு இணைத்தபோது 336 பார்செக், அதாவது ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு என்று கிடைத்தது. 258க்கும் 336க்கும் உள்ள வேறுபாடு விண்மீனின் உண்மை ஒளிர்வை 1.7 மடங்கு மாற்றிவிடும். ‘ஓ’ விண்மீனின் நிறை 28.5 சூரிய நிறை என்றும், உல்ஃப்–ராயே விண்மீனின் நிறை 9 சூரிய நிறை என்றும் அதே ஆய்வு தந்தது. இன்று இலேசாக இருப்பதுதான் வாழ்வில் முன்னே சென்றுவிட்டது. ஆகவே பிறக்கும்போது இரண்டில் கனமானதாக இருந்து, தன் மேலடுக்குகளை இழந்து வந்திருக்க வேண்டும். இழந்த கணக்கைச் சொல்பவற்றுள் அந்தச் சிறு மேடுகளும் அடங்கும்.

8. மீண்டும் அந்த நிரல்

மொழியியலில் இதற்கு இணையான வரலாறு உண்டு. அமைப்பியலார், ஒரே சூழலில் காரணமின்றி மாறி வரும் ஒலிகளைக் ‘கட்டற்ற மாற்றம்’ என்று பெயரிட்டு ஓரம்கட்டினர். 1963இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவின் ஈருயிர்களை ஆய்ந்த வில்லியம் லபோவ், அந்தக் கட்டற்ற மாற்றத்தில் தீவு மக்களின் தன்னடையாளம் பதிந்திருப்பதைக் காட்டினார். 1968இல் வைன்ரைக், லபோவ், ஹெர்சாக் ஆகிய மூவரும் மொழியின் பன்மையே ஒழுங்குடையது என்று வாதிட்டனர். கொடைக்கானல் அறிக்கை வெளிவந்த மறு ஆண்டு அது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் இரு துறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்று சராசரியின் முழுப் பயனையும், மற்றொன்று சராசரியின் எல்லையையும் எட்டியிருந்தன.

எனினும் 154 நொடியை மறக்கலாகாது. என் பேச்சாளர் ‘மழை’க்கும் ‘மளை’க்கும் இடையே அலைவதில் கேட்பவர் யார், பேசுபொருள் எது என்பவற்றின் தடம் இருக்கலாம். வெறும் சோர்வாகவும் இருக்கலாம். எது என்று அறிய இன்னொரு நாள், இன்னொரு கேட்பவரோடு, மீண்டும் பதிவு செய்ய வேண்டும். வட்டாரப் பெருங்கோட்டைச் சரியாக வரைந்து கழித்த பிறகே அலைவைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டு. அதற்கு முன் அலைவை எறிந்துவிடும் உரிமை மட்டும் எனக்கு இல்லை.

கணக்கில் கழித்தது போக எஞ்சுவதைத் தமிழில் எச்சம் என்கிறோம். நம் இலக்கணத்திலும் எச்சம் உண்டு. ‘வந்த’ என்பதும் ‘வந்து’ என்பதும் பொருளற்ற சொற்கள் அல்ல. தம்மை முடித்துவைக்கும் பெயரையோ வினையையோ எதிர்நோக்கி நிற்பவை. காமா வெலோரத்தின் எச்சங்களுள் சில முடிக்கும் சொல்லுக்காக ஒரு நூற்றாண்டு காத்திருந்தன. என் கோப்பில் அந்நிரலின் தலைப்பு இப்போது ‘எச்சம்’.

உங்கள் துறைகளிலும் இவ்வாறு தள்ளப்பட்டுப் பின்னர் மீண்ட தரவுகள் இருக்கும். அறிந்தவர்கள் எழுதுங்கள். வானியல் கற்றவர்கள் என் விளக்கங்களைத் திருத்தினால் நன்றியுடன் ஏற்பேன்.